பெருமாள்புரத்தில் நிற்கும் இசட்4-ஐ யாரிடம் விற்பது?

கேள்வி கேட்ட தம்பிக்குத் திருநெல்வேலி பெருமாள்புரம். அவர் சொன்னதன் சுருக்கம்: அப்பா 2012-ல் புதிதாக எடுத்த பிஎம்டபிள்யூ இசட்4, 35ஐ எஞ்சின், பட்டனை அழுத்தினால் மேல்கூரை மடங்கி டிக்கிக்குள் போகும் வண்டி. ஓடியது 41,000 கிலோமீட்டர். டிஎன் 72 நம்பர், ஒரே ஓனர், கடன் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவுக்கு இப்போது முட்டுவலி. அவ்வளவு தாழ்ந்த சீட்டில் குனிந்து ஏறி இறங்க முடியவில்லை. நாலு மாதமாக விற்கப் பார்க்கிறார்கள். வந்த புரோக்கர் ஒருவர், "ரெண்டே சீட்டு, சாமானும் வைக்க முடியாது, இத யாரு வாங்குவா?" என்று சொல்லி ஒரு பழைய இன்னோவா விலைக்குக் கேட்கிறாராம். "இவ்வளவு நல்லா வச்சிருக்கோமே அண்ணாச்சி, அதுக்கு ஒரு மதிப்பும் இல்லியா?" என்பது கேள்வி.

இருக்கிறது தம்பி. ஆனால் நீங்கள் நன்றாக வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்? வண்டி பளபளவென்று இருப்பதை வைத்து அவர் நம்பமாட்டார். பாலிஷ் போட்டால் எந்த வண்டியும் பளபளக்கும். உங்கள் வண்டியில் என்னென்ன குறை என்று அவர் கண்டுபிடிக்கும் முன்னால் நீங்களே சொல்லிவிடவேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டி வாங்கி விற்றவன் இப்படிச் சொல்வது விசித்திரமாக இருக்கும். இன்னோவாவுக்கும் ஸ்விஃப்டுக்கும் இது பொருந்தாது, அங்கே குறையைச் சொன்னால் விலை விழும். இந்த ஜாதி வண்டிக்குத்தான் பொருந்தும். ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம பக்கத்தில் கூரை திறந்த கார் என்றாலே மாப்பிள்ளை ஊர்வலம்தான் ஞாபகம் வரும். அதனால் நீங்கள் விளம்பரம் போட்டதும் முதலில் வருகிற போன் "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவியளா?" என்பதாகத்தான் இருந்திருக்கும். விட்டுவிடாதீர்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வண்டியில் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டுமே சூடேறும். ஒரு ஊர்வலத்தில் ஆகிற தேய்மானம், நாலுவழிச் சாலையில் மதுரை போய்வந்தாலும் ஆகாது. அதோடு ஈர மாலை பட்ட இடத்தில் பெயிண்டில் கறை, ஜரிகை உரசிய கோடு. விவரம் தெரிந்தவர் "கல்யாணத்துக்குப் போயிருக்கா?" என்று கேட்பார். "ஒரு தடவைகூட இல்லை" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிந்தால் அதற்கே ஒரு விலை உண்டு.

அடுத்து வருகிறவர்கள் படம் எடுக்க வருகிறவர்கள். அல்லது வளைகுடாவிலிருந்து லீவில் வந்த பையன், இரண்டு தடவை வந்து பார்ப்பான், ஆசைப்படுவான், மூன்றாவது தடவை அவன் அப்பா வந்து "குடும்பத்தோட எப்படிலே போறது இதுல?" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். இவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்களுக்காக நாலு மாதம் வீணாகிவிட்டது. உண்மையாக வாங்குகிறவர் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கொச்சியிலோ பெங்களூரிலோ இருப்பார். கோயம்புத்தூரில் செட்டிபாளையத்தில் கரி ரேஸ் டிராக் இருக்கிறது, சென்னைக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கே எஞ்சின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிற கூட்டம் உண்டு. அந்த ஆளை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் போனில் முதலில் "கடைசி விலை எவ்வளவு?" என்பார்கள். இவர் "ஹை பிரஷர் பம்ப் மாத்தியாச்சா?" என்பார்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இங்கேதான் விஷயமே.

உங்கள் வண்டியின் எஞ்சின் 2,979 சிசி, நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைசக்தி. பிஎம்டபிள்யூ இதற்கு வைத்த உள்பெயர் என்54. உலக அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற விருதை 2007, 2008 இரண்டு வருஷமும் தொடர்ந்து வாங்கியது. அதே எஞ்சினுக்குத்தான் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு வியாதிப் பட்டியலும் உண்டு. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஹை பிரஷர் பம்ப் கெடும். ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் அதன் அறிகுறி. இந்தப் பம்புக்காகவே 2010-ல் அமெரிக்காவில் சுமார் 1,30,000 வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. இன்ஜெக்டர் கசியும். தண்ணீர் பம்ப் பெல்ட்டில் ஓடாமல் கரண்டில் ஓடுவது. ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடும். டர்போவில் அதிகப்படி புகையைத் திருப்பிவிடுகிற கதவு, வேஸ்ட்கேட் என்பார்கள், அது தளர்ந்தால் கிடுகிடுவென்று தகர டப்பா சத்தம் வரும். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்டில் எண்ணெய் ஒழுகும். நேரடிப் பீய்ச்சல் என்பதால் உள்ளிழுக்கும் வால்வுகளில் பெட்ரோல் படாது, அதனால் கரி படியும். அதை எடுக்க வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்கிற முறை இருக்கிறது.

வாங்க வருகிறவருக்கு இவ்வளவும் மனப்பாடம். நீங்கள் "ஒரு குறையும் இல்ல சார், குழந்தை மாதிரி வச்சிருக்கோம்" என்றால் அவர் காதில் விழுவது இரண்டில் ஒன்று: இந்த ஆளுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது, அல்லது மறைக்கிறார். இரண்டுக்கும் அவர் விலையைக் குறைப்பார். ஏனென்றால் இந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் தன் தலையில் விழும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பார். "தண்ணீர் பம்ப் 2021-ல் மாற்றியது, பில் இது. ஆயில் ஃபில்டர் கேஸ்கட்டில் லேசாகக் கசிவு இருக்கிறது, இன்னும் மாற்றவில்லை. கரி எடுத்ததில்லை" என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் கழிக்கவேண்டியது ஒரு கேஸ்கட்டுக்கும் ஒரு சுத்தத்துக்கும் மட்டும்தான். தெரியாத குறைக்குக் கழிக்கிற தொகை எப்போதும் தெரிந்த குறைக்குக் கழிக்கிறதைவிடப் பெரிது.

எனவே முதல் வேலை, வீட்டில் இருக்கிற பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோப்பது. இந்த வண்டிகளுக்குக் கம்பெனி சர்வீஸ் என்றால் நம்ம ஆட்கள் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஓட்டிப்போவதுதான் வழக்கம். அப்பாவும் அப்படித்தான் போயிருப்பார். பில் தொலைந்திருந்தால் சேஸிஸ் நம்பரைச் சொல்லி அங்கேயே சர்வீஸ் விவரம் கேளுங்கள். வெளியே மெக்கானிக்கிடம் செய்த வேலைக்கு பில் இல்லாவிட்டால், அவரிடமே தேதியும் கிலோமீட்டரும் போட்டு இப்போது எழுதி வாங்கலாம். ஆனால் பழைய தேதியில் புதிதாக எழுதியது என்பதை மறைக்கவேண்டாம். பேட்டரி மாற்றியபோது வண்டியின் கம்ப்யூட்டரில் புதுப் பேட்டரியைப் பதிவு செய்தார்களா என்பதையும் விசாரித்துவிடுங்கள். இந்த வண்டிகளில் அது அவசியம். பாதி மெக்கானிக்குகள் செய்யமாட்டார்கள். அந்த ஒரு வரி பில்லில் இருந்தால் விவரம் தெரிந்தவருக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

இரண்டு சாவியும் இருக்கவேண்டும். பிஎம்டபிள்யூ சாவிக்குள்ளேயே சேஸிஸ் நம்பரும் ஓடிய கிலோமீட்டரும் பதிவாகும், சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்கும் கருவி உண்டு. மீட்டர் குறைக்காத வண்டி என்பதற்கு நீங்களே முன்வந்து "சாவியைப் படித்துப் பாருங்கள்" என்று சொல்லலாம்.

இனி கூரை. நம்ம ஊர் வெயில் பாளையங்கோட்டையில் ஒரு மாதிரி அடிக்கும், உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றோடு அடிக்கும். இரண்டுக்கும் முதலில் போவது ரப்பர். கண்ணாடி ஓரத்திலும் கூரை மடங்குகிற மூட்டுகளிலும் இருக்கிற ரப்பர் பட்டைகள் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரப்பருக்கென்று இருக்கிற சிலிகான் கிரீஸைத் துணியில் தொட்டுப் பூசவேண்டும். வேறு எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். அடுத்தது தண்ணீர் வடியும் துளைகள். வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்தியிருந்தால் வேப்பம்பூவும் புளிய இலையும் போய் அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கும். கார்பெட்டில் ஒரு பூஞ்சை வாடை வரும். அந்த வாடைக்கு வாசனைத் திரவியம் அடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை அடித்தால் நான் முதலில் செய்வது கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான்.

கூரை முழுதாகத் திறக்க ஏறக்குறைய 20 விநாடி ஆகும். திறந்து மூடுவதை ஒரே ஓட்டமாக, வெட்டாமல், சத்தத்தோடு வீடியோ எடுங்கள். பாட்டு எதுவும் சேர்க்கவேண்டாம். மோட்டார் சத்தம்தான் அவருக்கு வேண்டியது.

கூரையைப் பற்றிப் பேசும்போது ஒரு கதை. சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு இசட்4 என் கைக்கு வந்தது. பார்க்க வந்த உள்ளூர் வியாபாரி சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார். டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது என்பது பழைய வித்தை. நேராகக் கூரையில் வைத்தார். விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது. "என்னவே இது, எங்கயும் ஒட்டமாட்டேங்கு! மொத்தமும் பட்டிலா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அந்தக் கூரை அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை, "தகரத்துக்கு ஒட்டாத காந்தம் எங்க ஊர்ல இல்ல" என்று போய்விட்டார். ஒரு வாரம் வண்ணார்பேட்டை முழுக்க அந்த வண்டி "உருண்ட வண்டி" என்றே பெயர் வாங்கியது. பிறகு பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். இரும்பு, அலுமினியம் இரண்டிலும் காட்டும் வகையாக வாங்கவேண்டும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான் வரை காட்டும். பட்டி போட்ட இடம் பல நூறைத் தாண்டும். வண்டி முழுக்க ஒவ்வொரு பகுதியிலும் மீட்டரை வைத்துப் படம் எடுத்து, வண்டியைக் கேட்டிருந்த ஒரு கோயம்புத்தூர்க்காரருக்கு அனுப்பினேன். பம்பர் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் அதிகம், அதை வட்டம் போட்டே அனுப்பினேன். அவர் பேருந்து ஏறி வந்து ஓட்டிக்கொண்டு போனார்.

டயருக்கு வருவோம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுவோம், அவர் வருஷத்தைத்தான் பார்ப்பார். குறைவாக ஓடிய வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. இதில் ஸ்டெப்னி கிடையாது, காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர். 18 அங்குல சக்கரம் என்றால் முன்னால் 225, பின்னால் 255 அகலம், அதனால் முன்பின் மாற்றிப் போடவும் முடியாது. டயர் ஆறேழு வருஷப் பழசு என்றால் இரண்டு வழி: நல்ல கம்பெனி டயராக நாலும் மாற்றிவிட்டு அந்த பில்லைக் காட்டுவது, அல்லது மாற்றாமல் அந்தத் தொகையை வெளிப்படையாக விலையில் கழிப்பது. என் யோசனை இரண்டாவது. விலை மலிவாக ஏதோ ஒரு பெயர் தெரியாத டயர் போட்டு வைப்பதைப் போல இந்த மாதிரி ஆட்களைச் சந்தேகப்பட வைக்கிறது வேறு எதுவும் இல்லை.

இவ்வளவு தாழ்ந்த வண்டி நம்ம ஊர் வேகத்தடைகளில் வயிற்றைத் தேய்க்காமல் இருந்திருக்காது. லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் படம் எடுங்கள். கீறல் இருந்தால் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முட்டுவலி வந்ததிலிருந்து வண்டி ஓடியதா, நின்றதா? நம்ம பக்கத்தில் "நல்லா வச்சிருக்கேன்" என்றால் கவர் போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். அது பராமரிப்பு இல்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. 2012-ல் வந்த வண்டி அந்த அளவுக்கென்று செய்யப்பட்டதல்ல, அதோடு எத்தனால் ஈரத்தை இழுக்கும். டாங்கில் பாதி பெட்ரோலோடு எட்டு மாதம் நின்ற வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று வாங்குகிறவர் யோசிப்பார். எனவே இன்றைக்கே ஆரம்பித்து வாரம் ஒரு முறை விடியற்காலையில் ஓட்டுங்கள். எஞ்சின் முழுச் சூடு வரும் வரை, குறைந்தது 30, 40 கிலோமீட்டர். பாபநாசம் பக்கம் போய்வந்தால் உங்களுக்கும் கூரையைத் திறந்துபோன ஞாபகம் மிஞ்சும். வண்டியும் விற்கத் தயாராகும்.

பார்க்க வருகிற நாளில் எஞ்சினை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள். நாம் மரியாதைக்குச் செய்கிற காரியம் அது, காப்பி போட்டு வைக்கிற மாதிரி. ஆனால் அவர் பானட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். எஞ்சினை வாட்டர் வாஷ் அடித்தும் வைக்காதீர்கள், எண்ணெய்க் கசிவைக் கழுவிவிட்டதாகத் தோன்றும். ஸ்கேனர் போட்டு எரர் கோடு எல்லாம் முந்தின நாள் அழிப்பதும் அப்படியே. அழித்ததும் தெரிந்துவிடும், கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்து முடிக்கச் சில ஓட்டங்கள் ஆகும். அவரே ஸ்கேனர் கொண்டுவந்தால் போட விடுங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு கேடிசி நகரிலிருந்து பைபாஸ் ஏறி நாங்குநேரிச் சாலை நல்லது. வழியில் கொஞ்சம் மோசமான தெருவும் சேர்த்துக்கொள்ளுங்கள், கூரையில் கடகடப்பு வருகிறதா என்று அவர் கேட்கவேண்டும். முதல் பத்து கிலோமீட்டர் நீங்கள் ஓட்டுங்கள். ஆயில் சூடாகும் வரை நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் போவதை அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பதே ஒரு சர்டிபிகேட். அப்புறம் அவரிடம் கொடுங்கள். லைசென்ஸைப் பார்த்து நகல் வாங்கிக்கொண்டு, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான். "ஒரு ரவுண்டு தனியா அடிச்சுட்டு வாரேன்" என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

எப்போது விளம்பரம் போடுவது? ஆடியில் வேண்டாம், யாரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை திறந்து காட்ட முடியாது. தை பிறந்ததும் போடுங்கள், மாசி பங்குனி வரை காலை நேரம் திறந்த வண்டிக்கு அருமையாக இருக்கும். படம் எடுக்க ஈரடுக்கு மேம்பாலம், ஆற்றுப்பாலம் என்று யோசிக்கவேண்டாம், கூட்டம் சேர்ந்துவிடும். பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் பின்னால் தெரிய ஒரு படம் போதும். மற்ற முப்பது படமும் சீட் ஓரத் தேய்மானம், சக்கரக் கீறல், டயர் நம்பர், மீட்டர், எஞ்சின் என்று இருக்கட்டும்.

விலை. நான் எண் சொல்லமாட்டேன், சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சி நாலு ஊரிலும் இதே மாடல் எவ்வளவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு மாதம் குறித்துக்கொண்டே வாருங்கள். போட்ட விலை முக்கியமில்லை. எந்த விளம்பரம் மூன்று வாரத்தில் காணாமல் போகிறது, எது ஆறு மாதமாக அப்படியே கிடக்கிறது என்பதுதான் விலையைச் சொல்லும். இன்ஷூரன்ஸில் போட்டிருக்கிற மதிப்பைப் பார்க்காதீர்கள், அதற்கும் சந்தைக்கும் சம்பந்தம் இல்லை. பிறகு டயர், கேஸ்கட் போன்ற வரவிருக்கும் செலவைக் கழித்து ஒரு விலை போடுங்கள். பேரத்துக்கு இடம் வைக்கவேண்டும் என்று ரொம்ப ஏற்றி வைத்தால் விவரம் தெரிந்தவர் போனே செய்யமாட்டார். அப்பாவுக்கு அது எவ்வளவு பிரியமான வண்டி என்பதையும் சேர்க்காதீர்கள். பிரியத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

ஆர்சி விஷயம் அவசரம். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். உங்களுடையது 2027-ல் முடியும். அதற்குப் பிறகு ஃபார்ம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கவேண்டும். முடிகிற தேதிக்கு 60 நாளுக்கு முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். அந்தத் தேதி நெருங்க நெருங்க வாங்குகிறவர் அதைக் காட்டியே குறைப்பார். ஒன்று சீக்கிரம் விற்றுவிடுங்கள், அல்லது புதுப்பித்துவிட்டு விற்கவும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளவேண்டாம். கடன் முடிந்துவிட்டது என்கிறீர்கள், ஆர்சியில் பேங்க் பெயர் நீங்கியிருக்கிறதா பாருங்கள். நிறையப் பேர் கடைசித் தவணை கட்டிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். பேங்க் தருகிற என்ஓசியும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) ஃபார்ம் 35-ம் கொடுத்து நீக்கவேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். கேரளா, கர்நாடகா ஆள் வாங்கினால் இங்கே ஃபார்ம் 28-ல் என்ஓசி எடுத்துக் கொடுக்கவேண்டும். அவர் அங்கே போய்த் திரும்ப வரி கட்டவேண்டியிருக்கும், அதை மனதில் வைத்தே விலை பேசுவார். அதனால் கொச்சிக்காரர் குறைத்துக் கேட்டால் கோபப்படாதீர்கள். அதேசமயம் உள்ளூர் வரி கட்டிய டிஎன் வண்டி என்பது கோயம்புத்தூர், சென்னை ஆளுக்கு ஒரு பலம். வரியை மிச்சம் பிடிக்கப் புதுச்சேரி நம்பரில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்து அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். என் கூட்டாளி ஒருவர் அப்படிக் கொடுத்தார். வண்டி மூன்று கை மாறியது, யாரும் பெயர் மாற்றவில்லை, இரண்டு வருஷம் கழித்து வேறு மாவட்டத்து நீதிமன்றத்திலிருந்து விபத்து வழக்கில் அவருக்குச் சம்மன் வந்தது. "நான் வித்துட்டேனே" என்றார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதே நிலைமையில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், எத்தனை கை மாறியிருந்தாலும். கடைக்கு விற்பதானால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த விதிப்படி, ஆர்டிஓ அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவரிடம் ஃபார்ம் 29சி மூலம் ஒப்படைத்தால் பொறுப்பு அவருக்குப் போகும்.

பணத்தைப் பேங்க் வழியாகவே வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வழியிருக்கிறது, அதுவும் வாங்கிய ஆளுக்கு, அதாவது உங்களுக்கு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் விற்பனையில் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் அப்பா கடைக் கணக்கில் காட்டித் தேய்மானம் எழுதியிருந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் விற்காதீர்கள். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், வண்டிக்குச் சொந்தமில்லை, அப்பாவுக்குச் சொந்தம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கிவைத்தால் 3 வருஷத்துக்குள் எடுக்கிற அடுத்த வண்டிக்குப் பயன்படும், 50 சதவீதம் வரை இருக்கலாம்.

டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் நிமிடமும் எழுதுங்கள். நாங்குநேரி டோல்கேட் கேமராவில் மாலை ஐந்தரைக்கு விழுகிற அபராதம் யாருடையது என்று அப்போதுதான் தெரியும். பழைய இ-செலான் எதுவும் நிலுவையில் இல்லாமல் கட்டிவிடுங்கள். ஃபாஸ்டேக்கை அன்றைக்கே கிழித்துக் கணக்கை மூடுங்கள், இல்லாவிட்டால் அவர் ஊர் போய்ச் சேரும் வரை டோல் எல்லாம் உங்கள் கணக்கில் கழியும். பெயர் மாறியதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்க்கும் வரை அவர் ஆதார் நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.

சாவியைக் கொடுக்கும்போது டிக்கிக்குள் இருக்கிற மறைப்புத் தட்டைக் காட்டிக் கொடுக்க மறக்கவேண்டாம். அது கீழே இறங்கிப் பூட்டியிருந்தால்தான் கூரை அசையும். நான் முன்னால் சொன்ன கோயம்புத்தூர்க்காரர் போகிற வழியில் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கிச் சுருட்டி டிக்கியில் வைத்திருக்கிறார், வைப்பதற்காகத் தட்டை மேலே தூக்கியிருக்கிறார். கோவில்பட்டி தாண்டி ஒரு டீக்கடையிலிருந்து போன்: "அண்ணாச்சி, எழுதிக் கொடுத்த குறையில இது இல்லியே, கூரை திறக்க மாட்டேங்குது!" பாயை எடுத்துப் பக்கத்து சீட்டில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் மீதி தூரம் போனார்.